கறுப்பு காட்டிக் கொடுக்கும்

கறுப்புக் கலரில் கார் வாங்கப் போகிறேன் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். வாழ்த்துச் சொல்வதற்கு முன்னால் அனுதாபம் சொல்வார்கள்.

எனக்கும் சொன்னார்கள். ‘வெயில்ல கொதிக்குமே சார்’ என்றார் எதிர்வீட்டுக்காரர். ‘சனி பகவான் கலராச்சே மாப்பிள்ளை, ஜாதகத்தை ஒரு தடவை பாத்துடுங்களேன்’ என்றார் மாமியார். ஷோரூமில் இருந்த பையன் மட்டும் உண்மையான காரணத்தைச் சொன்னான். ‘வெள்ளைன்னா கவலை இல்ல சார். கறுப்பு வாங்கினா நீங்க காருக்கு வேலை பாக்கணும்.’

கேட்டேனா? கேட்கவில்லை. 1908-ல் வந்த ஃபோர்டின் மாடல் டி காரை ஆரம்பத்தில் நாலைந்து கலர்களில் விற்றார்கள். 1914-லிருந்து 1925 வரை கறுப்பு மட்டும்தான். அந்தக் காலத்து அமெரிக்கர்களுக்கு வேறு வழியில்லை. எனக்கு ஆறு வழி இருந்தது. கேட்லாக்கில் ஆறு கலர். ஆனாலும் கல்யாண மண்டப வாசலில் போய் நின்றால் நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்கிற ஆசை யாரை விட்டது?

அந்தக் காரால் நான் ஒரு பாவம் செய்தேன். பெரிய வார்த்தையாக இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். கடைசிவரை படித்துவிட்டு வேறு வார்த்தை இருந்தால் நீங்களே சொல்லுங்கள்.

முதலில் கார் பெயின்ட்டைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். தகரத்தின்மேல் துருப் பிடிக்காமல் இருக்க ஒரு பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் கலர், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி மாதிரி ‘கிளியர் கோட்’ என்று ஒரு பூச்சு. நாலும் சேர்ந்தே ஒரு மில்லிமீட்டரில் ஏழெட்டில் ஒரு பங்குதான் இருக்கும். மேலே இருக்கும் கிளியர் கோட் சுமார் 40, 50 மைக்ரான். உங்கள் தலைமுடி ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள் (மிச்சம் இருந்தால்). அதைவிட மெலிசு. நாம் பெருமைப்படும் அந்தப் பளபளப்பெல்லாம் ஒரு முடிப் பருமன்கூடக் கிடையாது.

எல்லாக் கலர் காரிலும் கிளியர் கோட் அதேதான். விழுகிற கீறலும் அதேதான். வெள்ளைக் காரில் அது கண்ணில் படாது. கறுப்புக் காரில் காலை வெயில் சாய்வாக விழும்போது, சிலந்தி வலை பின்னின மாதிரி பளிச்சென்று தெரியும். வெள்ளை மறைத்துக்கொள்ளும். கறுப்பு காட்டிக் கொடுத்துவிடும்.

முதல் மூன்று மாதம் நான் அந்தக் காருக்குச் செய்த பணிவிடையை என் பெற்றோருக்குச் செய்திருந்தால் ஊரே பாராட்டியிருக்கும். சிக்னலில் விற்பார்களே மஞ்சள் துணி, அதில் அரை டஜன் வாங்கி டிக்கியில் வைத்துக்கொண்டேன். ஆபீஸிலிருந்து வந்து இறங்கியதும் முதல் வேலை, அன்றைய தூசியை ஒரு சுற்றுத் துடைப்பது. எங்கள் போர் தண்ணீர் உப்பு. காய்ந்தால் கறுப்பில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு நிற்கும். அதனால் கார் கழுவ மட்டும் கேன் தண்ணீர். வீட்டில் குடிப்பதற்கும் அதே கேன் தண்ணீர்தான் என்பதை மனைவி ஞாபகப்படுத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை வாக்ஸ். வாக்ஸிலும் உசத்தி, ‘கார்னாபா’ என்கிற மெழுகு. வடகிழக்கு பிரேசிலில் வளரும் ஒரு வகைப் பனையிலிருந்து வருவது. வறண்ட காற்றில் ஈரம் ஆவியாகிப் போய்விடாமல் இருக்க அந்தப் பனை தன் ஓலைமேல் தானே மெழுகு பூசிக்கொள்கிறது. ஓலையை வெட்டி, காயவைத்து, தட்டி அந்த மெழுகை எடுக்கிறார்கள். எங்கோ ஒரு மரம் உயிர் பிழைக்கப் பூசிக்கொண்டது, இங்கே என் பானெட்டில் என் முகம் தெரிவதற்காக.

எங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் சுவரை ஒட்டி ஒரு காகிதப்பூக் கொடி இருந்தது. பூ கொட்டிக் காரில் ஒட்டுகிறது, முள் உரசுகிறது என்று செகரெட்டரியிடம் சொல்லி வெட்டச் சொன்னேன். முல்லைக் கொடி படரட்டும் என்று பாரி தேரை விட்டுவிட்டு நடந்து போனானாம். நான் தேரை வைத்துக்கொண்டு கொடியை வெட்டினேன். பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடத்தில் பத்துக்கு ஒன்பது வாங்கியவன் நான்.

இனி அவரைப் பற்றி.

எங்கள் அபார்ட்மென்ட்டில் கார் துடைக்க ஒருத்தர் வருவார். ஐம்பது வயது இருக்கும். எல்லோரும் ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவோம். விடியற்காலை நாலரைக்கு வந்தால் ஏழு மணிக்குள் பதினோரு கார் முடிப்பார். ஒரு வாளி, இரண்டு துணி. குள்ளமான மனிதர். காரின் கூரைக்கு எட்டாது. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்று கூரையின் நடுப்பகுதிவரை துடைப்பார். காருக்கு மாதம் 600 ரூபாய்.

என் கார் வந்த அன்றே கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். ‘அண்ணே, நீங்க டயரும் கண்ணாடியும் மட்டும் பாருங்க. பெயின்ட் மேல கை வெக்காதீங்க. அத நானே பாத்துக்கறேன்.’ சரிங்க சார் என்றார்.

நாலாவது மாதம் ஒரு ஞாயிறு, காலை எட்டு மணி வெயிலில் காரை வெளியே எடுத்து நிறுத்தினேன். பானெட் முழுக்க மெல்லிய கோடுகள். டிரைவர் பக்கக் கதவில் இன்னும் மோசம். வயிற்றில் என்னவோ செய்தது.

எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. யார் செய்தது என்று தெரிந்துவிட்டது. அதாவது, தெரிந்துவிட்டதாக நினைத்தேன்.

அவர் மறுநாள் வந்தபோது தூங்காமல் காத்திருந்தேன். ‘பெயின்ட்ட தொடாதீங்கன்னு சொன்னேன்ல?’

‘தொடல சார்.’

‘தொடாம இது எப்படி வந்துச்சு?’

அவர் குனிந்து பார்த்தார். நாலரை மணி இருட்டில் அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. ‘நான் டயரும் கண்ணாடியும்தான் சார் துடைச்சேன்’ என்றார் மறுபடி. குரலை உயர்த்தவில்லை. நான் உயர்த்தினேன். நாளையிலிருந்து என் காருக்கு வர வேண்டாம் என்று சொன்னேன். போதாதென்று அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் கீறலை போட்டோ எடுத்துப் போட்டு, ‘எல்லோரும் அவரவர் காரைப் பார்த்துக்கொள்ளவும்’ என்று எழுதினேன். எச்சரிக்கை செய்வது நல்ல குடிமகனின் கடமை அல்லவா? அந்த வாரம் இன்னும் நாலு வீட்டில் அவரை நிறுத்தினார்கள். பதினோரு காரில் ஐந்து போயிற்று. 6,600 ரூபாயில் 3,000 போயிற்று. இந்தக் கணக்கை நான் அப்போது போடவில்லை. பி.காம். படித்தவன்தான். ஆனாலும் போடவில்லை.

இரண்டு வாரம் கழித்து காரை டீடெய்லிங் செய்கிற இடத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்த பையனுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. விளக்கை அணைத்துவிட்டு, கையில் ஒரு டார்ச்சை வைத்துக்கொண்டு டாக்டர் எக்ஸ்ரே பார்ப்பதுபோல் காரைச் சுற்றி வந்தான்.

‘வண்டிய யாரு சார் துடைக்கிறா?’

‘ஒருத்தர் இருந்தாரு. நிறுத்திட்டேன்’ என்றேன், அவன் பாராட்டுவான் என்று எதிர்பார்த்து.

அவன் டிக்கியைத் திறந்தான். என் மஞ்சள் துணியை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தான். என் கையிலும் கொடுத்தான். நறநறவென்றது.

‘ரோட்டுத் தூசின்னா மண்ணு சார். மணலு கண்ணாடியையே கீறும். தண்ணி ஊத்தாம காய்ஞ்ச துணிய வெச்சு இழுத்தா அது துடைக்கிறது இல்ல, தேய்க்கிறது. உப்புத்தாள் மாதிரி. அது மேலயே வாக்ஸும் போட்டிருக்கீங்க.’

‘அந்த ஆளு துடைச்சிருப்பாரோ என்னவோ...’ என்று இழுத்தேன். நமக்கு ஒரு கடைசி ஆசை இருக்குமே.

அவன் ஸ்டூலில் ஏறிக் கூரையின் நடுவில் டார்ச் அடித்தான். ‘இங்க பாருங்க சார். இங்க ஒரு கோடுகூட இல்ல. ஓரத்துல இருக்கு, நடுவுல இல்ல. துடைச்சவரு கை இங்க எட்டல.’

வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறுகிறவருக்கு அந்த இடம் எட்டும். தரையில் நின்றபடி துடைக்கிற எனக்குத்தான் எட்டாது.

கண்ணெதிரே கறுப்பாய்ப் பளபளத்த அந்தக் கூரையில் டார்ச் வெளிச்சமும் என் முகமும் சேர்ந்து தெரிந்தன. வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

என் அம்மா வெள்ளிக்கிழமைதோறும் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பாள். நாற்பது வருஷத் தேய்ப்பில் விளக்கு உச்சியிலிருந்த அன்னத்துக்கு மூக்கே இல்லாமல் போய்விட்டது. விளக்கு பளபளத்ததும் அதனால்தான், மூக்கு போனதும் அதனால்தான். தேய்ப்பதும் தேய்வதும் நம் பாஷையில் ஒரே சொல்லின் இரண்டு முகம். அம்மாவுக்கு அது தெரியும். மூக்கு போன அன்னத்தைக் காட்டி யாரையும் திட்டவில்லை. ‘என் கைதான்’ என்பாள்.

என் கைதான் என்று சொல்ல எனக்கு ஏன் வரவில்லை? இதுதான் இந்த வாரம் உங்களிடம் நான் கேட்க வந்த கேள்வி.

கணக்குப் பதிவியலில் ‘சஸ்பென்ஸ் அக்கவுன்ட்’ என்று ஒன்று உண்டு. வருஷக் கடைசியில் இருப்பாய்வு போடும்போது பற்றும் வரவும் சில சமயம் ஒத்துப்போகாது. நூறு ரூபாய் இடிக்கும். எங்கே தப்பு என்று தெரியாது. தெரியாதபோது அதை யார் பேரிலும் எழுதக் கூடாது. சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் போட்டு வைத்துவிட்டுத் தேட வேண்டும். கண்டுபிடித்த பிறகுதான் உரியவர் கணக்குக்கு மாற்ற வேண்டும். குழப்பமாக இருக்கிறது என்று அதை அகப்பட்ட ஒரு வாடிக்கையாளர் தலையில் எழுதிவிட்டால், அது கணக்கு இல்லை, மோசடி.

வாழ்க்கையில் நமக்குத் தினமும் இருப்பாய்வு இடிக்கிறது. கம்மல் ஒன்றைக் காணோம். பீரோவில் ஐந்நூறு குறைகிறது. காரில் கீறல். நாம் என்ன செய்கிறோம்? சஸ்பென்ஸ் அக்கவுன்ட் என்ற தலைப்புக்குக் கீழே ஒரு ஆளின் பெயரை நிரந்தரமாக எழுதி வைத்திருக்கிறோம். வேலைக்கார அம்மா, வாட்ச்மேன், கார் துடைப்பவர், கூரியர் பையன். நஷ்டம் வந்ததும் தேடுவதே இல்லை. நேராக அந்தக் கணக்கில் பற்று. கம்மல் அப்புறம் தலையணை உறைக்குள் கிடைக்கும். கிடைத்த சேதியை மட்டும் அந்த அம்மாவிடம் சொல்ல மாட்டோம்.

‘அப்படியானால் வேலைக்காரர்கள் தப்பே செய்வதில்லையா?’ என்று நீங்கள் கேட்கலாம். செய்வார்கள். நீங்களும் நானும் செய்கிற அளவுக்குச் செய்வார்கள். சஸ்பென்ஸ் அக்கவுன்ட் என்பது யாரையும் விடுதலை செய்வது இல்லை. விசாரிக்கிறவரை பொறுத்திருப்பது, அவ்வளவுதான். எதிர்வீட்டு டாக்டரின் காரோ செகரெட்டரி மகனின் சைக்கிளோ உரசியிருக்குமோ என்ற சந்தேகம் எனக்கு வந்திருந்தால், நிச்சயம் விசாரித்திருப்பேன். ‘தப்பா நினைச்சுக்காதீங்க’ என்று ஆரம்பித்திருப்பேன். அண்ணனிடம் மட்டும் அந்த வாக்கியம் எனக்கு வரவில்லை. அவர் திருப்பிக் கேட்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும். என் கோபத்துக்குக் கறாரான கணக்கு இருந்திருக்கிறது. எங்கே செலவில்லாமல் வருமோ அங்கே மட்டும் வந்திருக்கிறது.

காரின் மேல் ஆசை வைப்பது தப்பா? அப்படிச் சொல்ல மாட்டேன். மாதாமாதம் தவணை கட்டுகிறவனுக்கு ஆசை இல்லாமல் எப்படி? ஆனால் நான் வைத்தது ஆசை இல்லை, பயம். முதல் கீறல் எப்போது விழுமோ என்ற பயம். அந்தப் பயத்துக்கு அர்த்தமும் இல்லை. இன்ஷூரன்ஸ்காரர்கள் காரின் மதிப்பை ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம், ஒரு வருஷத்துக்குள் 15, ஐந்தாவது வருஷத்தில் 50 சதவீதம் என்று குறைத்துவிடுகிறார்கள். பிரேசில் பனையையே அரைத்துப் பூசினாலும் அந்தக் கணக்கு மாறாது. தானாகக் குறையப்போகிற ஒன்றைக் காப்பாற்ற, அப்படிக் குறையக் கூடாத ஒன்றை, ஒரு மனுஷனுடைய பெயரை, நான் குறைத்துவிட்டேன்.

டீடெய்லிங் பையன் காத்துக்கொண்டிருந்தான். ‘ரெண்டு வழி இருக்கு சார். கிளேஸ்னு ஒண்ணு போட்டா கீறலுக்குள்ள போய் உக்காந்துக்கும். கண்ணுக்குத் தெரியாது. நாலஞ்சு வாஷ்ல போயிடும், மறுபடி தெரியும். இன்னொண்ணு, மெஷின் வெச்சு பாலிஷ். அது மூடாது. கீறல் எவ்வளவு ஆழமோ அவ்வளவு மேல் பூச்ச எடுக்கும். ரெண்டு மூணு மைக்ரான் போகும். போனது போனதுதான், திரும்ப வராது. மூடணுமா, எடுக்கணுமா?’

இந்தக் கேள்வியை அவன் காருக்காகத்தான் கேட்டான்.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு முதலில் தோன்றியது கிளேஸ்தான். அண்ணனைக் கூப்பிட்டு, ‘நாளைலேர்ந்து வந்துடுங்க’ என்று சாதாரணமாகச் சொல்லி, கையில் ஆயிரம் ரூபாய் வைத்துவிட்டால் போதும். என்ன, ஏது என்று அவரும் கேட்க மாட்டார். பளபளவென்று ஆகிவிடும். ஆனால் அந்த நாலு வீட்டுக்காரர்கள் மனதில் நான் போட்ட கீறல் அப்படியே இருக்கும்.

பாலிஷ் என்றால் என் மேல்பூச்சைக் கொஞ்சம் இழக்க வேண்டும். எந்தக் குழுவில் எழுதினேனோ அதே குழுவில், ‘தப்பு என்னுடையது, காய்ந்த துணியால் கீறியது நான், அவர் சொன்னது உண்மை’ என்று எழுத வேண்டும். சிலப்பதிகாரத்துப் பாண்டியன் விசாரிக்காமல் தீர்ப்புச் சொன்னது தெரிந்ததும் அரியணையிலேயே உயிரை விட்டான். என்னிடம் யாரும் உயிரைக் கேட்கவில்லை. வாட்ஸ்அப்பில் மூன்று வரி. அதை எழுத எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

எழுதினேன். இரண்டு பேர் கட்டை விரல் காட்டினார்கள். ஒருவர், ‘இட்ஸ் ஓகே சார், இவங்களை எப்பவும் ஒரு கண் பார்த்துக்கணும்’ என்று பதில் போட்டார். நாலு வீட்டில் மூன்று வீடு அவரைத் திரும்பக் கூப்பிட்டது. ஒரு வீட்டில் அதற்குள் வேறு ஆள் போட்டுவிட்டார்கள். இழந்ததெல்லாம் திரும்பி வராது. பையன் சொன்னது சரிதான்.

விடியற்காலை கீழே போய் அவரைப் பார்த்தேன். ‘அண்ணே, தப்பு என்மேலதான். மன்னிச்சுக்கங்க’ என்றேன். துணியைப் பிழிந்துகொண்டே, ‘விடுங்க சார், அதுக்கென்ன’ என்றார். சிரிக்கக்கூடச் செய்தார். நின்றுபோன நாட்களின் பணத்தைக் கொடுத்தேன். வேலை செய்யாத நாளுக்கு எதற்கு என்று தயங்கி, அப்புறம் வாங்கிக்கொண்டார். ‘நாளைலேர்ந்து என் வண்டியையும் பாருங்கண்ணே. பெயின்ட்டும் நீங்களே துடைங்க.’

அவர் என் காரைப் பார்த்தார். பாலிஷ் போட்டு, இருட்டிலும் மின்னிக்கொண்டு நின்றது.

‘உங்க வண்டி மட்டும் வேணாம் சார். பயமா இருக்கு’ என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மரியாதையாகச் சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த காருக்குப் போய்விட்டார். என் பயத்தை நான் அவருக்குக் கொடுத்துவிட்டிருக்கிறேன். அதை எடுக்க எந்த பாலிஷ் மெஷினும் கிடையாது.

இப்போது காரை நானே கழுவுகிறேன். சோப்புத் தண்ணீருக்கு ஒரு வாளி, துணியை அலச ஒரு வாளி, அப்புறம் மைக்ரோஃபைபர் துணி. உப்புத் தண்ணீர்தான். திட்டு விழுந்தால் விழட்டும். அடிவெட்டிய காகிதப்பூ மறுபடி துளிர்த்திருக்கிறது. செகரெட்டரி வெட்டட்டுமா என்றார். வேண்டாம் என்றேன்.

நம் ஊரில் அழகான குழந்தைக்கு முதலில் என்ன செய்வார்கள்? கன்னத்தில் கறுப்பாய் ஒரு திருஷ்டிப் பொட்டு வைப்பார்கள். குறையே இல்லாமல் இருப்பது ஆபத்து என்று பாட்டிகளுக்குத் தெரிந்திருக்கிறது. கறுப்புக் காருக்கு எங்கே பொட்டு வைப்பது? போன மாதம் அதுவும் நடந்துவிட்டது. பின்பக்கக் கதவில் ஒரு சாண் நீளத்துக்கு ஆழமான கீறல். பிரைமர் தெரிகிறது. வாக்ஸுக்கும் அடங்காது, பாலிஷுக்கும் அடங்காது.

யார் செய்தது என்று மனைவி கேட்டாள்.

தெரியாது என்றேன். தெரியாது என்றே கணக்கில் எழுதி வைத்திருக்கிறேன்.